5 கிராமுக்கு 5 ஆண்டுச் சிறை: அமெரிக்காவின் போதைப்பொருள் போரைக் கேள்வி கேட்கும் ஆவணப்படம்

கொக்கைனைத் தூளாக விற்பவர் 500 கிராமுடன் பிடிபட்டால் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. அதே தூளுடன் ஆப்பசோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் 'கிராக்' எனும் கட்டி கிடைக்கும். அதை விற்பவருக்கு 5 கிராமிலேயே அதே தண்டனை. 1986 முதல் 2010 வரை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இப்படித்தான் இருந்தது.

இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றியது, யாரை அழித்தது என்று ஆராய்கிறது 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' ஆவணப்படம். 2012 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்க ஆவணப்படங்களுக்கான முதன்மைப் பரிசை வென்ற படம் இது. சிறுவயதில் தம்மைக் கவனித்துக்கொண்ட கறுப்பினப் பணிப்பெண்ணின் குடும்பம் போதையால் சிதைந்தது ஏன் என்ற கேள்வியிலிருந்து படத்தைத் தொடங்குகிறார் இயக்குநர் யூஜீன் ஜரெக்கி.

போதைப்பழக்கமே நாட்டின் முதல் எதிரி என்று 1971 ஜூனில் அறிவித்தார் அதிபர் ரிச்சர்ட் நிக்சன். ஆனாலும், தொடக்க ஆண்டுகளில் சிகிச்சைக்கும் அவர் நிறையப் பணம் ஒதுக்கினார். பின்னர் வந்த அரசியல்வாதிகள் கடுமையைக் காட்டி வாக்குச் சேகரிப்பதில் போட்டி போட்டனர். 1986 ஜூனில் லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர் கொக்கைனுக்குப் பலியானார். நாடே அதிர்ந்தது. அடுத்த சில மாதங்களில், போதிய விவாதமின்றி அந்த 5 கிராம் சட்டம் நிறைவேறியது.

கிராக் பயன்படுத்தியவர்களில் வெள்ளையரும் ஏராளம். ஆனால் கூட்டரசு நீதிமன்றங்களில் கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் 80 விழுக்காட்டிற்கும் மேல் கறுப்பினத்தவர்.

உள்ளே இருப்பவர்களின் குரல்

படத்தின் பலமே, சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்களே அதைப் பற்றிப் பேசுவதுதான். குறைந்தபட்சத் தண்டனை கட்டாயம் என்பதால், நியாயமில்லை என்று தெரிந்தும் இளைஞர்களை நீண்டகாலம் சிறைக்கு அனுப்ப வேண்டியிருப்பதாக வருந்துகிறார் அப்போது அயோவா மாநிலக் கூட்டரசு நீதிபதியாக இருந்த மார்க் பென்னட்.

பால்டிமோரில் குற்றச் செய்தியாளராக இருந்தவர் டேவிட் சைமன். 'தி வயர்' தொடரை உருவாக்கியவரும் அவரே. கொலை வழக்கைத் துப்பறிய மாதக்கணக்கில் உழைக்கும் போலீஸ்காரர் ஒருவரைத்தான் கைது செய்வார்; தெருமுனையில் போதைப்பொருள் வைத்திருப்போரைப் பிடிப்பவருக்கோ கைது எண்ணிக்கையும் கூடும், நீதிமன்றத்திற்குச் செல்வதால் ஓவர்டைம் பணமும் கிடைக்கும் என்று விளக்குகிறார் அவர். கைதுகளின் எண்ணிக்கையே சாதனையாகிவிட்டால், கடினமான வழக்குகளை யார் தேடிப் போவார்கள்?

40 ஆண்டுகளில் 4 கோடியே 50 லட்சம் கைதுகள், ஒரு டிரில்லியன் டாலர் செலவு என்கிறது படம். அதற்குப் பிறகும் போதைப்பொருள் எளிதாகவே கிடைத்தது.

2010இல் சட்டம் திருத்தப்பட்டது. 5 கிராம் வரம்பு 28 கிராமானது. முன்பே தண்டனை பெற்றவர்களும் இந்தப் புதிய வரம்பின்படி குறைப்புக் கோரலாம் என்ற சட்ட வழி 2018இல்தான் திறந்தது. அதற்குள் பலருடைய பிள்ளைகள் தந்தையின்றியே வளர்ந்து ஆளாகிவிட்டனர். தந்தை சிறையில், வீட்டில் வருமானமில்லை. தெருமுனையில் காத்திருக்கும் விற்பனைக்காரனின் அடுத்த ஆள் அந்தப் பிள்ளைதான். போதையை ஒழிக்க வந்த சட்டமே அதற்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது என்பதே படத்தின் கடுமையான குற்றச்சாட்டு.

போதைப்பொருள் தீங்கற்றது என்று படம் எங்கும் சொல்லவில்லை. மாற்று வழி என்ன என்பதை இன்னும் ஆழமாகப் பேசியிருக்கலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அவர்களுடன் சேர்ந்து பார்க்கலாம், சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. படம் முடிந்ததும் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இதில் சிக்கினால், முதலில் யாரை அழைப்போம்? மருத்துவரையா, வழக்கறிஞரையா?