தொட்டாற்சுருங்கியும் தொல்காப்பியரும்

மரபியலைப் பாடஞ் சொல்லும் தமிழாசிரியருக்கு, ஓரறிவுயிர் பேசப்படும் இடம் வந்ததும் உள்ளத்தில் ஓர் ஊக்கம் பிறத்தல் இயல்பு. புல்லையும் மரத்தையும் உயிர்களின் வரிசையில் வைத்து, அவற்றுக்கும் அறிவு உண்டென்று இலக்கண நூல் ஒன்று சொல்லும் இடம் அது. அவ்விடத்தை நடத்தும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மாணாக்கரை வெளியே அழைத்துச் செல்வது என் வழக்கம். எங்கள் கல்லூரி முற்றத்தின் ஓரத்தில், மாரி பெய்து ஓய்ந்ததும் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கும். குனிந்து விரலால் தொடுவேன். இலைகள் இணையிணையாக மூடிக்கொள்ளும். காம்பு தலை சாயும். "இதுவே உற்றறிவு. ஜகதீச சந்திர போஸ் இருபதாம் நூற்றாண்டிலே கருவி வைத்துக் கண்டதை எங்கள் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார்" என்பேன். மாணாக்கர் முகம் மலரும். என் முகமும் மலரும். இருபது வருடங்களுக்கு மேலாக இப்பாடம் இவ்வாறே நடந்து வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்து மாலையில் அது தடைப்பட்டது. பகலில் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்று, மாலையில் எம்மிடம் பாலபண்டித வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, செடியின் அருகே நின்றபடியே கேட்டாள்:

"ஐயா, இந்தச் செடி அமெரிக்காப் பக்கத்திலை இருந்து வந்தது எண்டு படிச்சனான். அப்ப தொல்காப்பியர் இதைக் கண்டிருக்க மாட்டாரே?"

அவளுடைய குரலிலே குறும்பு இல்லை. அறிய வேண்டும் என்ற விருப்பமே இருந்தது. "பார்த்துச் சொல்கிறேன், பிள்ளை" என்று கூறி வகுப்பை முடித்தேன்.

பார்த்தேன். அவள் சொன்னதே சரி. தொட்டாற்சுருங்கியின் தாயகம் அமெரிக்க வெப்பவலய நாடுகள். 1492இல் கொலம்பசு கடல் கடந்த பின்னரே அந்நாட்டுச் செடிகள் நம் பக்கம் வரத் தொடங்கின. எங்கள் தோட்டக்காரர் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்தாகக் கருதும் புகையிலையும் மிளகாயுங்கூட அவ்வாறு வந்தவையே. தொல்காப்பியரின் காலம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் எவர் கணக்கின்படி பார்த்தாலும் அவர் இச்செடியைக் கண்டிருத்தல் இயலாது. பல வருடங்களாக, நூலாசிரியர் காட்டாத சான்றொன்றை அவர் காட்டியதுபோல நான் மாணாக்கருக்குக் காட்டி வந்திருக்கிறேன். உரையாசிரியர் செய்யாத பிழை அது. என் சொந்தப் பிழை.

வெட்கத்தோடு மூலத்துக்குத் திரும்பினேன். புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி கணேசையர் குறிப்பெழுதி, பேராசிரியருரையோடு 1943இல் சுன்னாகத்தில் வெளிவந்த பொருளதிகாரப் பதிப்பு எம்போன்றோருக்குக் கைவிளக்கு. அங்கே ஆறு படிகள் உள்ளன. உடம்பினால் உற்று அறிவது முதற்படி. அதனோடு நா, மூக்கு, கண், செவி என்பன ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஐந்து படிகளாகும். மனம் சேர்வது ஆறாவது. புல்லும் மரமும் முதற்படியில் நிற்பன. மக்கள் ஆறாவது படியில் நிற்பவர். இருபது வருடங்களாக நான் விரைந்து கடந்துவிட்ட இரண்டு செய்திகள் இம்முறை கண்ணிற் பட்டன. இப்பகுப்பு நன்கு உணர்ந்தோர் நெறிப்படுத்தியது என்று அதனை முன்னோர்க்கு உரியதாக்குகிறார் தொல்காப்பியர். தாமே கண்டதாகச் சொல்லவில்லை. அன்றியும், ஓரறிவுயிர்க்குப் புல், மரம் என இரண்டைச் சொல்லி, அக்கிளையிற் பிறந்தவை வேறும் உள என வாயிலைத் திறந்து வைக்கிறார்.

அந்த உணர்ந்தோர் எதைக் கண்டு உணர்ந்தனர்? நூல் அதைச் சொல்லவில்லை. ஆனால் அதை ஊகிக்க எங்கள் வேலியண்டை சென்று நின்றாற் போதும். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நிற்கும் வேலியிலே பாகற்கொடி ஏறுவதை யாழ்ப்பாணத்தார் அனைவரும் கண்டிருப்பர். கொடியின் கணுவிலிருந்து நூல்போன்ற பற்றுக்கம்பி ஒன்று நீண்டு, வெளியிலே மெல்லச் சுழன்று துழாவும். கதியாலைத் தொட்டதும் தொட்ட பக்கமாக வளையும். தொடாத பக்கம் நீள்வதனாலே வளைவு இறுகிச் சுற்றாகிறது. பின்னர் கம்பியின் நடுப்பகுதி திருகுச் சுருளாகிக் கொடியைத் தூக்கி இழுக்கும். உற்றுப் பார்த்தால், அச்சுருள் பாதியில் திசை மாறியிருப்பதும் தெரியும். இரு முனையும் கட்டுண்ட கயிறு வேறு எவ்வகையிலும் சுருள முடியாதன்றோ!

சாள்ஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பின்பு 1875இல் அதனைப் புத்தகமாக விரித்தார். சில கொடிகளின் பற்றுக்கம்பி மிக மெல்லிய பொருள் தொட்டாலும் வளையுமென்றும், நீர்த்துளி விழுந்தால் அசையாதென்றும் அவர் கண்டார். மழைத்துளிக்கெல்லாம் வளைந்துகொண்டிருந்தால் கொடி பற்றவேண்டியதைப் பற்றுவது எப்போது? தொடுவது எது என்று பிரித்தறியும் தொடுகை அது. நம் முன்னோர் டார்வினைப்போல அளந்து எழுதி வைத்தார்கள் என்று இனி நான் சொல்லமாட்டேன். ஆயினும், கொழுகொம்பு என்றொரு சொல்லை ஆக்கியவர்களும், கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேரை ஈந்தான் பாரி என்ற கதையைப் போற்றியவர்களும், கொடி தேடுவதையும் பற்றுவதையும் பார்த்தவர்கள் என்று சொல்லலாம்.

இவ்விடையோடு அடுத்த வாரம் வகுப்புக்குச் சென்றேன். என் பிழையையும் மாணாக்கர் முன் சொன்னேன். அம்மாணவி மகிழ்ந்தாள், ஆயினும் கேள்வியை விடவில்லை. அன்று அவள் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டு வந்திருந்தாள். மூடியைத் திறந்தபோது, உள்ளே சிரட்டையில் முளைத்த பயறு அத்தனையும் பெட்டியின் பக்கத்திலிருந்த சிறு துவாரத்தை நோக்கிச் சாய்ந்து நின்றன. "இது தொட்டு அறியேல்லையே, ஐயா? வெளிச்சத்தையெல்லோ அறியுது" என்றாள்.

இதிலும் டார்வின் முந்திக்கொண்டவர். அவரும் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனை உண்டு. புல்லின் இளமுளையின் நுனியை ஒளி புகாத சிறு தொப்பியால் மூடினார்கள், முளை வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டுக் கீழ்ப்பகுதியை மூடினார்கள், வளைந்தது. ஒளியை அறிவது நுனி, வளைவது கீழே. ஆகவே ஏதோ ஒரு செய்தி மேலிருந்து கீழே செல்கின்றது. அச்செய்தியைச் சுமப்பது வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருள் என்பதைப் பிற்காலத்தார் நிறுவினர். மணத்துக்கும் சான்று உண்டு. அதுவும் எங்கள் புகையிலையிலேயே உண்டு. தேமல் நோயைத் தரும் வைரசு தாக்கிய புகையிலைச் செடி மெதைல் சலிசிலேற்று என்ற பொருளைக் காற்றில் விடுவதையும், அருகே நிற்கும் நோயற்ற செடி அதனை ஏற்று நோயெதிர்ப்பை வலுப்படுத்துவதையும் அமெரிக்காவிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 1997இல் காட்டினர். நோவுக்குப் பூசும் தைலங்களில் நமக்குப் பழக்கமான மணம் அதுவே.

ஒளியை அறிகின்றது, காற்றில் வரும் பொருளை அறிகின்றது. அப்படியானால் மரத்துக்கு ஓரறிவுதானா?

பண்டிதன் ஒருவன் இவ்வாறு மடக்கப்பட்டால் என்ன செய்வான் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். உரை விரிப்பான். நானும் விரித்தேன். "பிள்ளை, வெளிச்சம் இலையில் வந்து படுகிறது. மணமும் காற்றாய் வந்து படுகிறது. படுதலெல்லாம் உறுதலே. ஆகவே எல்லாம் உற்றறிவுள் அடங்கும்" என்றேன். வகுப்பில் சிலர் தலையசைத்தனர். அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு, "எங்கடை கண்ணிலையும் வெளிச்சம் வந்து படுகுதுதானே, ஐயா? அப்ப எங்களுக்கும் ஓரறிவுதானோ?" என்றாள்.

அதற்கு மறுமொழி இல்லை. ஆறு படிகளையும் காப்பாற்ற எண்ணி நான் சொன்ன உரை, ஆறையும் ஒன்றாக்கிவிட்டது. நூலை நான் காக்கவில்லை. என் பெருமையையே காக்க முயன்றேன். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

போசுக்கும் நான் நியாயம் செய்யவில்லை என்பது பின்னரே விளங்கிற்று. 1858இல் வங்கத்தில் பிறந்த அப்பெரியார் 1901இல் இலண்டனில் ரோயல் இன்ஸ்ரிரியூசன் மண்டபத்தில் தம் பரிசோதனைகளைக் காட்டினார். உடற்றொழில் நூலார் சிலர் எதிர்த்தனர். அவர் சினந்து ஏடு காட்டவில்லை, கருவியைத் திருத்தினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்காகவும் அதற்கு மேலும் பெருக்கிக் காட்டும் பொறியைச் செய்தார். தொட்டாற்சுருங்கியில் மின்துடிப்பு ஓடுவதை அளந்தார். 1917இல் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1920இல் ரோயல் சொசைற்றியின் அங்கத்துவம் பெற்றார். அவர் சொன்ன அனைத்தும் நிலைத்ததென்று கூறமுடியாது. செடிக்கு நரம்பு உண்டு என்ற அளவுக்கு அவர் சென்றார். நரம்பும் மூளையும் செடியில் இல்லை. செடிகளின் அறிவை நரம்பியலின் சொற்களாற் பேசுவது தகாதென்று 2007இல் முப்பத்தாறு தாவரவியலாளர் கூடிக் கையொப்பமிட்டு எழுதினர். ஆனால் செடியினுள் செய்தி விரைந்து ஓடுகிறது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து வலுப்பெற்றே வருகிறது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றின் இலையைப் புழு கடித்ததும், குளுட்டமேற்று என்ற பொருள் தூண்ட, கல்சிய அலையொன்று மற்ற இலைகளுக்குப் பரவுவதை 2018இல் டொயோட்டா, கில்ரோய் முதலியோர் படம்பிடித்துக் காட்டினர். நம் நரம்புகளிலும் செய்தி கடத்தும் பொருள் அது. தொட்டாற்சுருங்கியில், இலைக்காம்பின் அடியிலுள்ள தடித்த மூட்டின் ஒரு பக்கத்துக் கலங்களிலிருந்து பொற்றாசியமும் நீரும் வெளியேறுவதாலேயே காம்பு சாய்கிறது. தொட்டு அறிந்ததும் உண்மை. நாணியது என்பது நாம் சொல்லும் அணி.

இத்தனைக்கும் பிறகு மரபியலுக்கு என்ன மதிப்பு எஞ்சுகிறது? என் இடர்ப்பாடு இதுவாகவே இருந்தது. கணக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோதுதான் மதிப்பு தெரிந்தது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டில் செடிக்கு உயிர் உண்டென்றார். உண்ணலும் வளர்தலும் பெருகலும் உண்டென்றார். புலனுணர்வு மட்டும் இல்லையென்றார். தமிழ் நூல் செடியை அறிவுடையவற்றின் வரிசையிலேயே வைத்தது. மனிதன் ஏறி நிற்கும் ஏணியின் கீழ்ப்படி புல்லினது. இது தமிழர் மட்டும் கண்ட நெறி என்றும் நான் இனிச் சொல்லேன். சமண நூல்களிலும் ஓரறிவுயிர்க்குத் தொடுபுலனே கூறப்படுகிறது. நன்னூல் செய்த பவணந்தியாரும் சமண முனிவரே. யாருடையதாயினும், செடி ஒன்றையும் அறியாது என்று தள்ளாமல், அறிவது எவ்வளவு என்று கேட்ட நெறி அது. எவ்வளவு என்பதில் அது குறைத்துக் கணித்திருக்கலாம். அக்கணக்கைத் திருத்துவது முன்னோரை இகழ்வதாகாது. வேறும் உள என்று வாயில் திறந்து வைத்தவர், அவ்வாயிலால் வருவோரை வெறுப்பாரா?

எமது இலக்கியப் பேரவைகளில், இன்றைய விஞ்ஞானம் அனைத்தும் நம் ஏட்டில் உள்ளது என்று முழங்குவோருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. நானும் அக்கைதட்டலை விரும்பியவன். அதன் தீங்கை இப்போது காண்கிறேன். எல்லாம் முன்னரே சொல்லப்பட்டாயிற்று என்று கேட்டு வளரும் பிள்ளை, வேலியோரம் போய்ப் பார்க்கமாட்டாள். பார்த்தவள் கேள்வி கேட்டால், பாடஞ் சொல்பவன் அவள் வாயை உரையால் அடைத்துவிடுவான். உணர்ந்தோர் நெறிப்படுத்தினர் என்ற வாக்குக்கு அதனினும் பெரிய அவமதிப்பு இல்லை. உணர்தல் முந்தியது, நெறிப்படுத்தல் பிந்தியது.

இப்பொழுது மரபியல் பாடத்துக்குத் தொட்டாற்சுருங்கியண்டை நான் போவதில்லை. தை பிறந்து பாகற்கொடி வேலியேறும் வரை அப்பாடத்தை ஒத்திப்போடுகிறேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தென்னை ஈர்க்கைக் கொடுத்து, இளம் பற்றுக்கம்பியின் உட்பக்கத்தை மெல்லத் தடவிவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறேன். தொட்டாற்சுருங்கி கண் இமைக்குமுன் சுருங்கிவிடும். பாகல் அவ்வாறன்று, சில நிமிடங்கள் வாய்பேசாமல் நிற்க வேண்டும். முதலில் ஒன்றுமில்லை என்று தோன்றும். பிறகு, நேராக இருந்த நுனி சற்றே வளைந்திருப்பது தெரியும். எப்போது வளைந்தது என்று எவராலும் சொல்லமுடியாது.

சென்ற வருடம் பையன் ஒருவன், "அதுக்கு ஈர்க்கு எண்டு தெரியுமோ, ஐயா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவன் இன்னொரு கம்பியைத் தேடிப் போனான்.