நிறுத்தம் வரை ஒரு மைல்

பாலக்கோட்டுப் பேருந்து நிலையத்தில் விடிந்தும் விடியாததுமான வேளையில் வந்து நிற்கும் டவுன் பஸ்ஸிலிருந்து, தலையில் சும்மாடும் இடுப்பில் கூடையுமாக இறங்கித் தக்காளி மண்டியை நோக்கி விரைந்து நடக்கும் பெண்களைக் காணும்போதெல்லாம், வைத்திய சாஸ்திரம் எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து நிறுவிய ஓர் உண்மையை இவர்கள் தம்மையறியாமலே அனுஷ்டித்து வருகிறார்களே என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு. ஒரு நாள் அவர்களுள் வயதில் மூத்த ஒருவரிடம், "ஏம்மா, வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும் சாமி. நடந்து நடந்து காலுக்குப் பழகிப்போச்சு" என்றார்.

அந்த ஒரு மைலின் மதிப்பை அறிய லண்டன் மாநகரத்துப் பேருந்துகளை நினைவுகொள்ள வேண்டும். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1953ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே வண்டியில் ஒரே காற்றைச் சுவாசித்து ஊழியம் புரிந்த ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார்கள். பணிநேரம் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைக் காட்டிலும், மாடிப் பேருந்தின் படிகளில் ஓயாமல் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் காலம் தாழ்த்தி, கடுமை குறைந்து வந்தது. தெருத்தெருவாய் நடந்த தபால்காரருக்கும் மேஜையருகே அமர்ந்த குமாஸ்தாவுக்கும் இடையிலும் இதே வித்தியாசம் தென்பட்டது. ஓட்டுநர்களில் பலர் வேலையில் சேரும்போதே இடுப்பளவு பெருத்தவர்கள் என்பதை மாரிஸே பின்னர் அவர்களுடைய சீருடை அளவுகளிலிருந்து கண்டறிந்து, தம் முடிவை மறுபடியும் சோதனைக்கு உட்படுத்தினார் என்பது, அந்த மனிதரிடத்தில் எனக்குள்ள மதிப்பை இன்னும் உயர்த்துகிறது.

நடக்கும்போது சரீரத்தினுள் நிகழ்வது என்ன? சுருங்கி விரியும் கால் தசைகள், இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் தசை ஒரு பம்பைப்போல் அழுத்தி இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே அனுப்புகிறது. நாளடைவில் இரத்த அழுத்தமும் தணிகிறது. வயது வந்தவர் வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அமெரிக்காவில் பேருந்திலும் ரயிலிலும் செல்வோரைப் பற்றி 2005இல் வெளியான ஓர் ஆய்வு, நிறுத்தத்திற்குப் போகவும் வரவும் மட்டுமே அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 19 நிமிடம் நடக்கிறார்கள் என்று கணக்கிட்டது. ஏழு நாளைக்கும் பெருக்கிப் பார்த்தால், வேறு எந்தத் தேகாப்பியாசமும் இல்லாமலே அந்த அறிவுரை ஏறக்குறைய நிறைவேறிவிடுகிறது. வாசலிலேயே ஏறி மண்டி வாசலிலேயே இறங்கும் இருசக்கர வாகனம் நம்மிடமிருந்து பறித்துக்கொள்வது இந்தப் பத்தொன்பது நிமிடத்தைத்தான்.

அது கொடுப்பது இன்னொன்று: புகை. முன்னே செல்லும் லாரியின் புகைக்குழாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு செல்பவர் மோட்டார் சைக்கிளில் செல்பவரே. அப்புகையில், தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் நுண்துகள்கள் நாசியின் ரோமத்திலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் நுண்ணறைகள் வரை இறங்குகின்றன. அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2012ஆம் ஆண்டிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. பழைய பேருந்தும் கரும்புகை கக்குகிறதே என்று கேட்பவருக்கு, ஆம், கக்குகிறது, அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்து ஐம்பது பேரைச் சுமந்தால், ஓர் ஆள் அந்த ஒரு லிட்டரில் 250 கிலோமீட்டர் பிரயாணம் செய்ததற்குச் சமானம். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் தனியே செல்பவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே கிட்டும்.

பாலக்கோட்டுக்குப் பொதுப் போக்குவரத்து புதிதன்று. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்ப்பதை மனத்தில் வைத்து மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் போடப்பட்ட குறுகிய ரயில் பாதை, 1913இல் இவ்வூர் வழியாக ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941இல், அது மூடப்பட்டது. இன்று சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் அகலப் பாதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று அரசு அறிவித்ததைப் பணமிச்சம் என்ற ஒன்றை மட்டும் வைத்து எடைபோடுவது போதாது என்பது என் திடமான அபிப்பிராயம். பேருந்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் நிறுத்தம் வரை நடந்தே வருகிறாள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் அந்த நடை எப்படிப்பட்ட பாதையில் நிகழ்கிறது? தார்ச்சாலையின் விளிம்பு முடிந்ததும் சரளைக்கல்லும் முள்ளும். லாரி வரும்போதெல்லாம் கூடைக்காரி அதில்தான் இறங்கி ஒதுங்க வேண்டும். பேவர் கல் பதித்து இரண்டு முழ அகலத்துக்கு ஒரு நடைபாதையும், நிறுத்தந்தோறும் ஒரு புங்கமரமும் ஓர் உட்காரும் திண்ணையும் அமைக்க ஆகும் செலவு, ஒரு பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். ஆயினும் சாலை விரிவடையும்போது முதலில் போவது மரமாகவே இருக்கிறது.

அந்த மூதாட்டியை அன்று நண்பகலில் மறுபடியும் பார்த்தேன். வெறுங்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊர் திரும்பும் பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் நின்றிருந்தார். வெட்டப்பட்ட புளியமரத்தின் அடிக்கட்டை அருகிலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த மின்கம்பத்தின் மெல்லிய நிழலில் தலையை மட்டும் மறைத்துக்கொண்டு, நிழல் நகர நகரத் தாமும் அரையடி அரையடியாக நகர்ந்துகொண்டிருந்தார்.