விளையாட்டுக் கல்லும் பாய்மரக் கப்பலும்

பெரியதொன்றைச் சிறியதிற் கண்டு மகிழ்வது மனித இயல்பு. மணலிற் சிற்றில் இழைக்கும் சிறுமியும், காகிதத்தைக் கப்பலாக மடித்து மழைநீரில் விடும் சிறுவனும் இவ்வியல்பினாலேயே தூண்டப்படுகின்றனர். அது முதிர்ந்து அறிவோடு கூடும்போது மாதிரியமைக்கும் கலை பிறக்கின்றது. பிள்ளைகளுக்கென வார்க்கப்பட்ட பிளாஸ்ரிக் கற்களைக் கொண்டே, வளர்ந்தோர் பல திங்கள் உழைத்துப் பழைய பாய்மரக் கப்பல்களை நுணுக்கமாகச் சமைப்பது மேலைநாடுகளில் இன்று ஒரு கலையாக வளர்ந்துள்ளது. இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவாரும் உளர். ஆயின், கோணமே வடிவாகிய கல்லிலிருந்து வளைவே வடிவாகிய கலத்தைப் பெறுவது எங்ஙனம் என்று ஆராயப் புகின், அளவின் அருமையும் பிழையைத் திருத்தும் வாய்ப்பின் அருமையும் ஒருங்கே புலப்படும். அதனை விளக்குதற்குச் சுவீடன் நாட்டின் 'வாஸா' என்னும் கப்பல் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

முதலிற் கல்லின் இயல்பை அறிதல் வேண்டும். டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் ஊரில், ஒலே கேர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டில் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலகத்துக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனியச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆகிய பெயர் அது. 1949இல் ஒன்றன்மேலொன்று பொருந்தும் பிளாஸ்ரிக் கற்கள் அங்கு வார்க்கப்பட்டன. உள்ளே வெறுமையாக இருந்த அக்கற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. ஆகவே, மேற்கல்லின் உள்ளே குழாய்களை அமைத்து, கீழ்க்கல்லின் குமிழ்கள் அக்குழாய்களுக்கும் சுவருக்கும் இடையே நெருங்கிச் செருகுமாறு செய்தனர். இவ்வமைப்புக்கு 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது.

அன்று வகுத்த அளவு இன்றும் மாறவில்லை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மில்லிமீற்றர். கல்லின் உயரம் 9.6 மில்லிமீற்றர், கல்லின் மூன்றிலொரு பங்கு உயரமுள்ள தகட்டுக்கு 3.2 மில்லிமீற்றர். வார்ப்பில் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவான வேறுபாடே பொறுக்கப்படுகின்றது. அதனாலேயே 1958இல் வார்த்த கல்லும் இன்று வார்க்கும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. எட்டுக் குமிழ்களுடைய ஒரே நிறக் கற்கள் ஆறினை 915,103,765 வகையாக இணைக்கலாம் எனக் கணிதவியலார் கணக்கிட்டுள்ளனர். வடிவிற் கட்டுப்பாடும், சேர்க்கையில் எல்லையற்ற விரிவும் இக்கல்லின் இரு பண்புகள் என்க.

இனிக் கப்பலுக்கு வருவோம். சுவீடன் மன்னன் இரண்டாம் குஸ்ராவ் அடொல்வின் ஆணைப்படி, ஸ்ரொக்ஹோம் நகரின் கப்பற்றளத்தில், ஹென்றிக் ஹிபேர்ட்சன் என்னும் ஒல்லாந்தத் தச்சரின் பொறுப்பில் வாஸா உருவாயிற்று. அவர் 1627இல் இறக்கவே, ஹென்றிக் யாக்கொப்சன் பணியை ஏற்று முடித்தார். 64 பீரங்கிகளைத் தாங்கிய அக்கப்பல் 1628ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள் முதன்முறையாகப் பாய்விரித்தது. ஏறத்தாழ 1,300 மீற்றர் சென்றதும், வீசிய காற்றில் இடப்பக்கம் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தட்டுப் பீரங்கி வாயில்களால் நீர் புக, துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்ந்தது. முப்பதுபேரளவில் மாண்டனர். 333 ஆண்டுகள் கடலடியிற் கிடந்த கப்பலை அண்டர்ஸ் பிரான்சேன் 1956இல் தேடிக் கண்டார். 1961ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள் அது நீர்மேல் எடுக்கப்பட்டது. 1990 முதல் அதற்கெனக் கட்டிய நூதனசாலையில் நிற்கின்றது. பதினேழாம் நூற்றாண்டுக் கப்பலொன்று இத்துணை முழுமையாக வேறெங்கும் காணக் கிடையாது. ஆதலின் மாதிரி அமைப்போன் கற்பனையை நாடவேண்டியதில்லை. அளந்தெடுத்த கணக்கே அவனுக்குத் துணையாகின்றது.

மாதிரியின் முதற்கேள்வி அளவுத்திட்டம். இக்கற்களோடு வரும் சிறு மனிதப் பாவை 1978இல் தோன்றியது. அதன் உயரம் ஏறக்குறைய 4 சதமமீற்றர். அப்பாவை மாலுமியாகத் தட்டில் நிற்க வேண்டுமாயின் 1:40 என்னும் அளவு பொருத்தமாகும். முன்னே நீண்ட பாய்மரம் உட்பட 69 மீற்றர் நீளமுள்ள வாஸா, இவ்வளவில் 172.5 சதமமீற்றராகும். 52.5 மீற்றர் உயரம் 131 சதமமீற்றராகவும், 11.7 மீற்றர் அகலம் 29 சதமமீற்றருக்குச் சற்று அதிகமாகவும் அமையும். அகலத்தைக் குமிழ்க் கணக்கிற் கூறின் முப்பத்தாறரைக்குச் சிறிது மேலாகும். அரைக்குமிழ் இல்லாமையின் 36 அல்லது 37 எனத் துணிதல் வேண்டும். 37 எனக் கொண்டால் கப்பலின் நடுக்கோடு ஒரு குமிழின்மேல் விழும். 36 எனக் கொண்டால் இரு குமிழ்களுக்கு இடையே விழும். அடிக்கட்டை, பாய்மரங்கள், சுக்கான் ஆகிய யாவும் நடுக்கோட்டில் நிற்பன. ஆகவே, தொடக்கத்தில் எடுக்கும் இவ்வொரு முடிவே கப்பல் முழுவதையும் ஆளுகின்றது.

அடுத்தது வளைவு. கப்பலின் உடல் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஒருங்கே வளைவது. அணியத்திற் கூர்ந்து, நடுவிற் பருத்து, பின்னணியத்தில் மீண்டும் ஒடுங்குவது. இதனைக் கல்லில் அமைக்க மூன்று வழிகள் உள. ஒன்று, நிலப்படத்தின் சமவுயரக் கோடுகள்போல ஒவ்வொரு கல்வரியையும் அதனதன் உயரத்துக்குரிய வெளிக்கோட்டின்படி அடுக்குவது. இது எளிது, உறுதியுமுடையது, ஆயின் பக்கங்கள் படிக்கட்டுப் போலத் தோன்றும். சாய்வுக் கற்களால் அக்குறையை ஓரளவு மறைக்கலாம். இரண்டாவது, மெய்யான தச்சர் செய்யுமாறே முதலில் அடிக்கட்டையை இட்டு, அதன்மேல் வங்கு எனப்படும் விலாச்சட்டங்களை நிறுத்தி, பின்னர்ப் பிணைச்சல்களால் இணைத்த பலகங்களை அவற்றின்மேற் போர்த்துவது. பிணைச்சல் விரும்பிய கோணத்தில் நிற்குமாதலின் வளைவு இயல்பாக அமையும். ஆனால் பலகங்களுக்கிடையே இடுக்குகள் தோன்றும்.

மூன்றாவது வழியே வல்லுநர் பெரிதும் போற்றுவது. குமிழ்கள் மேல்நோக்காது பக்கம் நோக்குமாறு கற்களைச் சாய்த்து அடுக்குவது அது. இதற்கு இடந்தருவது கல்லின் அளவிலே மறைந்திருக்கும் ஒரு விகிதமாகும். ஐந்து தகடுகளின் உயரம் 16 மில்லிமீற்றர். இரண்டு குமிழ்களின் நீளமும் 16 மில்லிமீற்றர். ஆகவே நிமிர்ந்த கல்லும் கிடந்த கல்லும் இவ்வெல்லையில் மயிரிழையும் பிசகாது சந்திக்கின்றன. இவ்வுண்மையை அறிந்தோன் ஒரு குமிழளவான பெரும்படிகளுக்குப் பதிலாக ஒரு தகட்டளவான சிறுபடிகளால் வளைவை வரைகின்றான். மெய்க்கப்பலில் 32 சதமமீற்றராக இருந்த படி, இதனால் 13 சதமமீற்றருக்குள் அடங்குகின்றது. நீண்ட தகடுகளைத் தொடர்ந்து இணைக்குமிடத்து இணைப்புகளிலுள்ள சிறு நெகிழ்ச்சியால் அவை சற்றே வளைந்தும் கொடுக்கும். தச்சன் பலகையை வெப்பமூட்டி வளைப்பதற்கு இது நிகர் எனலாம்.

வரைபடம் தீட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கல்லின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 5க்கு 6. ஆகவே சதுரக் கட்டங்களுடைய தாளில் வரைந்தால் கப்பல் உயர்ந்து தோன்றிப் பிழைபடும். 5க்கு 6 ஆகிய நீள்கட்டங்களை வகுத்து, அவற்றின்மேற் கப்பலின் குறுக்குவெட்டுகளை ஒவ்வொன்றாக வரைதல் வேண்டும். இக்காலத்திற் கணினித் திரையிலேயே கற்களை அடுக்கிப் பார்க்க வசதியுண்டு. எனினும் கணினி கல்லைப் பொருத்துமேயன்றி, எடையால் நடுப்பகுதி தொய்வதையும் கயிற்றின் இழுவையால் மரம் சாய்வதையும் கைதான் உணரும்.

பாய்மரங்களில் இவ்வுணர்வு மிகுதியும் வேண்டப்படும். வட்டக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி மரம் நிறுத்தினால், அது சிறு தட்டலுக்கும் முறியும். ஆகவே உள்ளே நீண்ட அச்சுக்கோலைச் செலுத்தி, மரத்தின் அடியைத் தட்டுகளினூடாக அடிக்கட்டைவரை இறக்குவர். இருபுறமும் நூற்கயிறுகளைச் சம இழுவையில் இறுக்கிக் கட்டுவர். ஒருபுறம் இறுகி மறுபுறம் தளர்ந்தால் மரம் வளையும். இருபுறமும் மிக இறுகினால் கயிறு பற்றிய கற்களே பெயர்ந்து வரும். மெய்க்கப்பலிற் பாய்மரம் தன் வலியால் மட்டும் நிற்பதில்லை, கயிறுகளின் சமநிலையாலேயே நிற்கின்றது என்னும் பாடத்தை, நூலைக் கட்டி அவிழ்க்கும் விரல்கள் தாமே கற்றுக்கொள்கின்றன. பருமல் எனப்படும் குறுக்குமரங்களில் வாஸாவுக்குரிய பத்துப் பாய்களையும் துணியால் வெட்டித் தொங்கவிடலாம். அப்பத்தில் ஆறு பாய்கள் மடித்து வைத்தபடியே கப்பலினுள் கிடைத்தமை வியப்புக்குரியது.

வாஸாவின் அணிகலன் அதன் சிற்பங்கள். சிங்கங்களும், வீரர்களும், உரோமப் பேரரசர்களும் அணியத்திலும் பின்னணியத்திலும் நெருங்கி நிற்கின்றனர். ஆளுயரச் சிலை மாதிரியில் ஒரு பாவையளவாகும். சிறு தலையொன்றை ஒரே ஒரு துண்டாற் குறிப்பால் உணர்த்தலாமேயன்றிச் செதுக்க இயலாது. எதனை விடுவது, எதனைக் காட்டுவது என்று தேர்வதே இங்குக் கலையாகின்றது. நிறத்திலும் ஆராய்ச்சி வேண்டும். சிற்பங்களின் பின்னணி நீலமென்று ஒருகால் எண்ணப்பட்டது. மரத்தில் எஞ்சிய நிறத்துகள்களை ஆராய்ந்தபின் அது சிவப்பென்று தெளியப்பட்டது. நூதனசாலையில் உள்ள 1:10 அளவான மாதிரி இச்செந்நிறக் கோலத்தையே காட்டுகின்றது.

இவ்வாறு அடிக்கட்டையிலிருந்து வரிவரியாக மேலே ஏறும்போது, மாதிரி அமைப்போன் ஓருண்மையை எதிர்கொள்கின்றான். நீர்க்கோட்டுக்குக் கீழேயுள்ள ஆழம் 4.8 மீற்றர், அது பன்னிரண்டரைக் கல்வரி. பின்னணியத்தின் உயரமோ 19.3 மீற்றர், அது ஐம்பது கல்வரி. அக்காலக் கப்பல்கள் யாவும் உயர்ந்த பின்னணியம் உடையனவே. எனினும் வாஸாவில் மேற்பகுதியின் மரவேலை மிகக் கனதியானது. இரு பீரங்கித் தட்டுகளும் பெரும்பீரங்கிகளைத் தாங்குமாறு கட்டப்பட்டன. கீழே இடப்பட்ட அடிப்பாரம் ஏறத்தாழ 120 தொன். அதற்குமேல் இடின் கீழ்த்தட்டுப் பீரங்கி வாயில்கள் நீரை அணுகிவிடும். குற்றம் பாரத்தின் குறைவில் அன்று, உடலின் வடிவிலேயே இருந்தது.

இதனை அக்காலத் தச்சர் முன்னறிய வழியில்லை. அவர்கள் வரைபடமின்றி, வழிவழி வந்த விகிதங்களைக் கொண்டு கட்டினர். கப்பலின் நிலைப்பைக் கணிக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே தம் நூலில் விளக்கியது 1746இலேயே. ஆயினும் அறிகுறி ஒன்று தோன்றாமலில்லை. கடற்படைத் தலைவர் கிளாஸ் பிளெமிங் முன்னிலையில் முப்பது மாலுமிகள் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடிக் கப்பலைச் சோதித்தனர். மும்முறை ஓடியதும், கப்பல் கவிழ்ந்துவிடுமென அஞ்சிச் சோதனை நிறுத்தப்பட்டது, பயணம் நிறுத்தப்படவில்லை. பின்னர் நிகழ்ந்த விசாரணையில் எவரும் தண்டிக்கப்படவுமில்லை.

அளவைப் பற்றிய மற்றொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. கப்பலினுள் தச்சர் பயன்படுத்திய அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. அவற்றுள் இரண்டு பன்னிரண்டு அங்குலங் கொண்ட சுவீடன் அடி. ஏனைய இரண்டு பதினோரங்குலங் கொண்ட அம்ஸ்ரர்டாம் அடி. பல்வேறு நாட்டினர் கூடிப் பணிசெய்த தளத்தில் அடி என்ற ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தது. இன்று அளந்து பார்த்தபோது கப்பலின் இரு பக்கங்களும் ஒத்தனவாக இல்லை. இடப்பக்கம் கனதி கூடியது. கப்பல் மூழ்கியதற்கு இதுவே தலையாய காரணமன்று. ஆயினும் அளவு ஒன்றாகாதவிடத்துப் பொருளும் ஒன்றாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அரைநூற்றாண்டுக்கு முன் வார்த்த கல்லும் நேற்று வார்த்த கல்லும் பொருந்துவதன் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது.

வாஸாவே ஒருகால் துண்டுகளின் குவியலாக இருந்தது. இரும்பாணிகள் துருப்பிடித்து அழிந்தமையால் 14,000க்கு மேற்பட்ட மரப்பொருள்கள் உதிர்ந்து சேற்றிற் கிடந்தன. அவற்றுள் 700 சிற்பங்கள். வழிகாட்டும் வரைபடம் எதுவுமின்றி, ஆணித்துளையோடு ஆணித்துளையை ஒப்புநோக்கி, அறிஞர் அவற்றை உரிய இடங்களிற் பொருத்தினர். மரம் வெடிக்காவண்ணம் பதினேழு ஆண்டுகள் பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் கரைசலைத் தெளித்துக் காத்தனர். பிள்ளைகள் கற்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்தை ஒரு நாடே தன் கப்பலைக் கொண்டு ஆடியது எனின் மிகையாகாது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கல்லாற் சமைத்த கலத்திற் பிழை காணப்படின் அவ்வரியைப் பெயர்த்து மீண்டும் அடுக்கலாம். கல் தேய்வதில்லை, பொருள் நட்டமில்லை, உயிர்ச்சேதமில்லை. மரத்தாற் சமைத்த கலத்திற் பிழையைக் காட்டியது கடலே; காட்டியபின் திருத்த இடமளிக்கவுமில்லை. சிறியதிற் பிழைத்துத் திருந்துவோன் பெரியதிற் பிழையாது செய்யும் தகுதியைப் பெறுகின்றான். மேசையின்மேல் நிற்கும் அச்சிறு கப்பல் எக்கடலையும் கடவாது. ஆயினும் கண்ணளவையும் வழக்கத்தையும் மட்டும் நம்பி, கண்முன் தோன்றிய அறிகுறியைப் புறக்கணித்து, கடலில் இறங்குதல் தகாது என்னும் அறிவை, அதனைக் கட்டிய கைகளுக்கு அது அளித்துவிடுகின்றது.