காசிமேட்டில் ஒரு ஞாயிறு: ஏலம், கூறு, கடம்பா

பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் சான்சிபார் தீவின் சந்தை வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் குவித்த மீன், சுற்றி நின்று கூவும் கூட்டம், தலையில் கூடையோடு பெண்கள். "அத்தா, நாமளும் ஒருநாள் இங்கே போகணும்" என்றான் சின்னவன். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் காசிமேடு. அவன் இதுவரை அங்கே போனதில்லை. மீன் பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு, ஃபஜ்ரைப் பள்ளியில் ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு, அம்மா, தம்பி மனைவி, பிள்ளைகள் என ஆறு பேராகப் போனோம். போய்ச் சேர்ந்தபோது சந்தையின் பாதி வேலை முடிந்திருந்தது. அங்கே நாள் தொடங்குவது நள்ளிரவு தாண்டியதும்தான். பத்துப் பதினைந்து நாள் கடலில் கிடந்த விசைப்படகுகள் பெரும்பாலும் சனி இரவு கரை சேரும்படி திரும்பும். ஞாயிறு சென்னைக்கு மீன் நாள் என்பது படகுக்காரருக்கும் தெரியும். இருட்டிலேயே பெட்டி பெட்டியாக இறக்கி, ஏலம் விட்டு, வியாபாரிகள் கைக்கு மாறி, விடியும்போது நம்மைப் போன்ற குடும்பங்களுக்காகச் சில்லறை விற்பனை நடந்துகொண்டிருக்கும். ஏலத்தைப் பார்க்க வேண்டுமானால் தஹஜ்ஜுத் நேரத்தில் எழ வேண்டும். காலை 5 மணி மெட்ரோவை நம்பினால் ஆகாது.

நாம் போன நேரத்திலும் ஒரு மூலையில் கடைசி ஏலங்கள் நடந்தன. தரையில் நாலு பெட்டி சங்கரா. ஏலம் விடுபவர் ஒரு தொகையைச் சொல்கிறார், சுற்றி நிற்பவர்கள் ஏற்றுகிறார்கள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பெரியவன் நம்மைப் பார்த்து, "ஒருத்தர் விலை பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக்கூடாதுன்னு மதரஸாவில் சொன்னாங்களே, இது எப்படிக் கூடும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒருவருடைய பேரம் படியும் நிலைக்கு வந்த பிறகு மற்றவர் புகுந்து கெடுப்பதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. ஏலத்தில் யாருடனும் பேரம் இன்னும் முடியவில்லை. கேட்பதற்கு எல்லோருக்கும் இடம் உண்டு. வறுமையில் வந்து கேட்ட ஓர் அன்சாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே, யார் கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூதிலும் மற்ற நூல்களிலும் வருகிறது. அதை வைத்தே ஏலம் கூடும் என்று சட்ட மேதைகள் சொன்னார்கள். கூடாதது 'நஜ்ஷ்'. வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடுவதற்காகவே ஆளை நிறுத்திக் கேட்க வைப்பது. எந்த ஏலத்திலும் இந்த நோய் நுழையலாம். அதனால்தான் பழைய வியாபாரிகள் எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

ஏலம் விடுபவர் யார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் கூவுகிற ஆள். உண்மையில் அவர் பல இடங்களில் கடன் கொடுத்தவரும்கூட. விசைப்படகு கடலுக்குப் போக டீசல், ஐஸ், ஆட்களுக்கு முன்பணம், வலை பழுது என்று ஒவ்வொரு முறையும் பெருந்தொகை வேண்டும். தமிழகக் கடற்கரை நெடுகிலும் வழக்கம் இதுதான்: பணத்தை வியாபாரியோ ஏலம் விடுபவரோ முன்பணமாகத் தருவார், பிடித்து வரும் மீனை அவர் மூலமாகத்தான் விற்க வேண்டும், விற்பனையில் அவருக்குக் கமிஷன். கடன் தீரும்வரை படகுக்காரர் வேறிடம் போக முடியாது. பல ஆண்டுகள் தீராமலே ஓடும் கடன்களும் உண்டு.

இதைப் பார்த்தபோது நமக்கு இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். 1331-ம் ஆண்டுவாக்கில் அவர் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் பயணம் போனார். மொகதிஷு துறைமுகத்தில் கப்பல் நெருங்கியதும் உள்ளூர் இளைஞர்கள் சிறு படகுகளில் மூடிய தட்டில் உணவோடு எதிர்கொண்டு வந்து, ஆளுக்கொரு வணிகரைத் தம் விருந்தாளி என்று உரிமை கொண்டாடுவார்களாம். அதன்பின் அந்த வணிகரின் சரக்கை விற்பதும் அவருக்கு வாங்கித் தருவதும் அந்த வீட்டுக்காரர்தான். அவருக்குத் தெரியாமல் நடந்த விற்பனை செல்லாது. விருந்து, காவல், கட்டு மூன்றும் ஒரே தட்டில்! அங்கிருந்து அவர் மும்பாசா தீவுக்குப் போனார். அந்த மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர் என்றும், அவர்களுடைய முக்கிய உணவு வாழைப்பழமும் மீனும் என்றும் எழுதுகிறார். (பின்னாளில் இதே மனிதர் மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழகக் கரையிலும் மதுரையிலும் தங்கியிருக்கிறார்.)

மொகதிஷு வழக்கத்தில் அந்நியருக்கு ஒரு பாதுகாப்பாவது இருந்தது. கடனோடு கட்டிய விற்பனையில் கொடுத்தவர் கைதான் எப்போதும் மேலே. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. கடன் கொடுத்ததற்காகப் பெறும் எந்த ஆதாயமும் வட்டியின் வாசலே என்பது ஃபுகஹாக்கள் நெடுக ஒத்துக்கொண்ட விதி. நம் சமுதாயத்திலும் மீன், இறால் வியாபாரத்தில் இருப்பவர்கள் உண்டு. வட்டி என்ற பெயர் இல்லை, கமிஷன்தானே என்று அவர்களில் சிலர் நம்மிடமே சொல்லியிருக்கிறார்கள். கடன் இல்லாத படகுக்காரரிடமும் அதே கமிஷன்தான் வாங்குகிறீர்களா என்று திருப்பிக் கேட்டால் விஷயம் விளங்கிவிடும். மற்றொரு வழி இருக்கிறது: பணம் போடுபவர் பயணத்தில் பங்காளியாகி, லாபத்தைப் போலவே நட்டத்தையும் ஏற்பது. கடலில் அது எளிதல்ல, ஒப்புக்கொள்கிறோம்.

இனி சில்லறைப் பக்கம். காசிமேட்டில் எடை போட்டு விற்பவர்களும் உண்டு, கூறு போட்டு விற்பவர்களும் உண்டு. நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், மத்தி போன்ற சிறு மீன்கள் பெரும்பாலும் கூறுதான். எடை தெரியாமல் வாங்கலாமா என்று அம்மாவுக்கு ஒரு தயக்கம். கண்ணெதிரே இருக்கும் குவியலை இருவரும் பார்த்துச் சம்மதித்து வாங்குவது கூடும்; நபித்தோழர்கள் காலத்துச் சந்தையிலேயே உணவுப் பொருள் அப்படிக் குவியலாக விற்கப்பட்டது என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதே அறிவிப்பில் இன்னொன்றும் உண்டு: வாங்கியவர் அந்தச் சரக்கைத் தம் இடத்துக்கு நகர்த்தாமல், கிடந்த இடத்திலேயே மறுபடி விற்பது தடுக்கப்பட்டது. ஏலத்தில் எடுத்த கூடையைத் தரதரவென்று இழுத்துத் தம் தார்ப்பாய்க்குக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து, அதன் பிறகே விலை சொன்ன ஒரு அக்காவைக் காட்டி, "பாருங்கள், ஹதீஸைப் படிக்காமலே பின்பற்றுகிறார்" என்றோம். அவர் ஒன்றும் புரியாமல், "இன்னா பாய், வேணுமா வேணாமா?" என்றார்.

கூறில் கவனிக்க வேண்டியது அதன் அடி. மேலே பளபளவென்று நாலு, கீழே வயிறு கிழிந்தது பத்து என்று இருக்கும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே கூறைக் கிளறிப் பார்ப்பது அநாகரிகம் அல்ல. செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய சதை திரும்ப எழ வேண்டும். வஞ்சிரத்தைத் துண்டாக வாங்காமல் முழு மீனாகத் தேர்ந்து, நம் கண்முன் வெட்டச் சொல்வதே நல்லது. தலையையும் கேட்டு வாங்குங்கள், குழம்புக்கு ஆகும்.

விலைதான் நம்மை உறுத்திய இடம். சங்கரா ஒரு கூறு 300 என்றார் அந்த அக்கா. அம்மா 150-ல் தொடங்கினார். அம்மாவுக்குப் பேரம் என்பது பிறவிக் கலை, 200-ல் நின்றது. காசு எண்ணும்போது அக்கா, "தண்டல்காரன் பத்து மணிக்கு வந்துடுவான்மா" என்று மெதுவாகச் சொன்னார். வடசென்னையில் இருப்பவர்களுக்குத் தண்டல் என்றால் தெரியும். ஏலத்தில் ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கத்துக்காக வாங்கும் கடனில் வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் தருவார்கள், பிறகு நாள்தோறும் வந்து வசூலிப்பார்கள். நாம் குறைத்த நூறு ரூபாய் படகுக்காரர் தலையில் விழவில்லை, ஏலக்காரர் தலையிலும் விழவில்லை. அந்த இரண்டு விலையும் இரவே முடிந்துவிட்டன. விழுந்தது அந்த அக்காவின் அன்றைய கூலியில்.

பேரம் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. மற்றவர் நெருக்கடியைத் தெரிந்துகொண்டு, அதை வைத்தே விலையை அடிப்பதைத்தான் சொல்கிறோம். மால்களில் ஒட்டிய விலையை மூச்சு விடாமல் கொடுத்துவிட்டு வருகிறோம் அல்லவா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரை முழுதும் தடை. நாட்டுப் படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், அக்காக்களின் வியாபாரம் சுருங்கும். தண்டல் சுருங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. எண்ணூர் மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. எங்கே பிடித்த மீன் என்று கேட்காமலே ஜனங்கள் ஒதுங்கினார்கள், நம் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நம் ஜமாஅத்துகள் பலவற்றில் பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறோம். பெரும்பாலும் மஹல்லாவாசிகளுக்கு மட்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பள்ளிகள் சேர்ந்து, மீன் விற்கும் பெண்களில் நாலு பேருக்காவது, மதம் பாராமல், காலையில் கொடுத்து மாலையில் வாங்கும் ஒரு சிறு கடனை நடத்திப் பார்க்கலாமே? ஒரு கூடைக்கான முதல்தான் வேண்டும். நிர்வாகிகள் இருவரிடம் பேசியிருக்கிறோம். ஒருவர், "வசூல் ஆகுமா ஹஜ்ரத்?" என்றார். தண்டல்காரருக்கு ஆகிறதே என்றோம்.

வெளியே வரும் வழியில் தம்பி மனைவி நின்றுவிட்டார். அவர் கீழக்கரைக்காரர், ஷாஃபிஈ. "மாமி, கணவாய்!" என்றார் கண் விரிய. விற்பவர் "கடம்பாம்மா அது" என்று திருத்தினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் வீடு ஹனஃபி. கடலில் மீன் வகை மட்டுமே உண்போம், கடம்பா சேராது. இறால் மீனா இல்லையா என்பதில் ஹனஃபி உலமாக்களிடையே இரு கருத்து உண்டு. ஷாஃபிஈயில் கடலிலேயே வாழ்பவை ஆகும். நண்டைப் பற்றி மட்டும், கரையிலும் வாழுமா, கடலிலேயே வாழுமா என்று அவர்கள் நூல்களில் நீண்ட பேச்சு இருக்கிறது. மும்பாசாக்காரர்களும் கீழக்கரைக்காரர்களும் இந்த விஷயத்தில் ஒரே கிதாபைத்தான் திறப்பார்கள். நான்கு மத்ஹபும் நேர்வழி என்று மேடையில் பேசுகிற நாம், மருமகளின் சட்டியில் அதைக் காட்ட வேண்டாமா? அரைக் கிலோ கடம்பா வாங்கினோம். வெட்டிச் சுத்தம் செய்யத் தனிக் கூலி.

வீட்டில் அம்மா ஒரு பழைய இரும்புச் சட்டியை எடுத்து, "இது இனி உன்னுது, இதுலயே பொரி" என்று மருமகளிடம் கொடுத்தார். மிளகும் தேங்காயெண்ணெயுமாக வாசம் கூடம்வரை வந்தது. அம்மா தஸ்பீஹை உருட்டியபடி சமையலறைப் பக்கம் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமி?"

"ஒண்ணுமில்லை. உப்பு போட்டியான்னு பார்த்தேன்."