குட்டி விலங்குகளும் நிழற்படக் கருவியும்

காணாத பொருளின்மீது அன்பு பிறத்தல் அரிது. அழிந்துவரும் விலங்கினங்கள் பலவும் மக்கள் செல்லாத அடர்ந்த காடுகளில் மறைந்து வாழ்வன. அவற்றை உலகோர் கண்முன் நிறுத்துதற்கு மிருகக்காட்சிச்சாலைகளிற் பிறக்கும் குட்டிகளின் நிழற்படங்கள் இன்று பெரிதும் துணைபுரிகின்றன. அப்படங்களால் விளையும் நன்மை யாது, நேரக்கூடிய தீங்கு யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

குட்டியைக் கண்டதும் நம் உள்ளம் இளகுவது ஏன்? விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்னும் அறிஞர் 1943ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் கூறினார். உடலை நோக்கப் பெரிதான தலை, அகன்ற நெற்றி, பெரிய விழிகள், உருண்ட கன்னங்கள் ஆகியன மனிதக் குழவிக்குரிய அடையாளங்கள். அவை விலங்கிடத்துக் காணப்படினும், பேணிக்காக்கும் உணர்ச்சி நம்மிடத்துத் தானே எழும் என்பது அவர் கருத்து.

இவ்வுணர்ச்சியை நல்வழிப்படுத்துவது படம்பிடிப்போர் கடன். ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலுள்ள சிறுவர் மிருகக்காட்சிச்சாலையில், 2006ஆம் ஆண்டில், ஜோயல் சார்ட்டோர் என்பவர் ‘படப் பேழை’ என்னும் பெரும்பணியைத் தொடங்கினார். இதுவரை 15,000க்கு மேற்பட்ட இனங்களை அவர் படம்பிடித்துள்ளார். கறுப்பு அல்லது வெள்ளை நிறமான வெறும் பின்னணியே அவர் கையாளும் முறை. சிற்றுயிர்களுக்குத் துணிக்கூடாரம் அமைக்கப்படும். இம்முறையில் எலியும் யானையும் ஒத்த அளவினவாய்த் தோன்றும்; காண்போர் கண்ணும் விலங்கின் கண்ணிலேயே சென்று நிலைக்கும்.

விலங்கின் அருகே மனிதர் நில்லாமையும் இம்முறையின் சிறப்பாகும். சிக்காகோ நகரின் லிங்கன் பூங்கா மிருகக்காட்சிச்சாலையைச் சேர்ந்த ஆய்வாளர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. சிம்பன்சி தனித்திருக்கும் படத்தைக் கண்டோரிலும், மனிதர் அருகே நிற்கும் படத்தைக் கண்டோர், காட்டுச் சிம்பன்சிகள் குறைவின்றி வாழ்கின்றன என எண்ணுவது 35.5 சதவீதம் மிகுதியாயிற்று. அதனை வீட்டில் வளர்த்தற்கு ஏற்றதென எண்ணுவதும் 30.3 சதவீதம் மிகுந்தது. அன்பை வளர்க்க எடுத்த படமே ஆசையை வளர்த்துவிடுதல் கூடும் என்பது இதனாற் புலனாகின்றது.

2024ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி தாய்லாந்து நாட்டின் காவோ கியோ மிருகக்காட்சிச்சாலையிற் பிறந்த மூ டெங் என்னும் குள்ள நீர்யானைக் குட்டியின் வரலாறும் நோக்கற்பாலது. அதன் படங்கள் சில வாரங்களில் உலகெங்கும் பரவின. காண வந்தோர் பெருகினர். உறங்குங் குட்டியை எழுப்பும்பொருட்டுச் சிலர் நீரும் பிறவும் எறிந்தனர். நிருவாகத்தினர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தினர். காண்பதற்கு ஐந்து நிமிடமே அளித்தனர். எனினும் மேற்கு ஆபிரிக்காவின் மழைக்காடுகளில் இவ்வினத்தின் வளர்ந்த விலங்குகள் 2,500க்குங் குறைவாகவே எஞ்சியுள்ளன என்பதையும், காடழிப்பும் வேட்டையுமே அதற்குக் காரணம் என்பதையும், அக்குட்டியின் பொருட்டே அறிந்தோர் பலராவர்.

ஆதலின், நற்படத்துக்கு இலக்கணம் மூன்றென்க: குட்டி தாயினின்றும் வலிந்து பிரிக்கப்படலாகாது, மனிதனின் விளையாட்டுப்பொருளாய்த் தோன்றலாகாது, அதன் இனம் எங்கே, எதனால் அழிகின்றது என்னுஞ் செய்தி படத்தோடு சேர்ந்து வருதல் வேண்டும். “எத்துணை அழகு!” என வியந்த நெஞ்சம், “இதன் காடு எங்கே?” என்று வினவுமாயின், படம் தன் பயனை எய்தியதாகும்.