மலைவாழையைக் காப்பாற்ற ஒரு தோட்டம் போதாது

பழனி பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் சேர்ப்பதில்லை. அதற்கு ஏற்ற பழம் விருப்பாச்சி மலைவாழை. சதையில் ஈரப்பசை குறைவு, மணம் அதிகம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் மானாவாரியாக விளைகிறது. காப்பிக்கு நிழல் தரும். வருஷத்துக்கு ஒரு முறை வரும் காப்பிப் பணத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்குத் தார் விற்ற காசு கைச்செலவுக்கு ஆகும்.

1970-களின் தொடக்கத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. காரணம், முடிக்கொத்து நோய் என்னும் வைரஸ் நோய்.

முதலில் இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். பிறகு வரும் இலைகள் குறுகி, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் நெருக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கும். இளவயதில் தாக்கினால் தார் தள்ளாது. சாறு உறிஞ்சும் வாழை அசுவினி இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. வெட்டும் அரிவாளால் பரவாது. ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது பக்கக்கன்று. வைரஸ் உள்ளே இருந்தாலும் கன்று வெளியே செழிப்பாகத் தெரியலாம். தலைமுறையாகக் கன்றைக் கைமாற்றி நட்ட வழக்கமே நோய்க்குப் பாதை போட்டது.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கண்ட வழி திசு வளர்ப்பு. தாய்மரத்தை வைரஸ் சோதனைக்கு உட்படுத்தி, நோயில்லாத மரத்தின் குருத்து நுனியை மட்டும் எடுத்து, சத்துக் கூழில் பெருக்குகிறார்கள். நிழல்வலைக் கூடத்தில் பழக்கிய பிறகே கன்று மலையேறும்.

ஆனால் திசு வளர்ப்புக் கன்று தடுப்பூசி போட்ட குழந்தை அல்ல. அதற்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் நோய்ப்பட்ட மரம் நின்றால், அசுவினி மீண்டும் வைரஸைக் கொண்டுவந்துவிடும். அத்தகைய மரத்தில் முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மரத்தை அசைத்ததும் அவை அடுத்த மரத்துக்குப் போய்விடும். அதன் பிறகே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும்.

தனி விவசாயி மட்டும் செய்தால் பலன் பாதிதான். எனவே கன்றுக்குத் தரும் மானியத்தோடு, ஊர் கூடி நோய்மரங்களை அகற்றும் வேலைக்கும், மரத்தை இழப்பவருக்கு ஈடு கொடுக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும்.