அடைப்பு நீங்கியும் தாத்தா தேறாதது ஏன்?

இரண்டு பெரியவர்களுக்கு ஒரே நாளில் பக்கவாதம் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். இருவருக்கும் வயது 72. இருவரையும் 2 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்து விட்டார்கள். ஒரே மருந்து, ஒரே சிகிச்சை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்திருந்த கட்டி இருவருக்கும் நீங்கி விட்டது.

மூன்று மாதம் கழிகிறது. ஒருவர் கைத்தடி ஊன்றித் தெருமுனை வரை போய் வருகிறார். மற்றவருக்கோ கட்டிலை விட்டு எழுந்திருக்கவே துணை வேண்டியிருக்கிறது. "டாக்டர் சரியாகப் பார்க்கவில்லையோ?" என்று வீட்டார் மனம் புழுங்குகிறார்கள்.

காரணம் வேறாகவும் இருக்கலாம். நோய் வருவதற்கு முன்பே அவருடைய மூளை எந்த நிலையில் இருந்தது? இதைத்தான் டாக்டர்கள் இப்போது கேட்கிறார்கள்.

நாலரை மணி நேரம்

பக்கவாதத்தைப் பாரிசவாயு என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அது ரத்தக் குழாய் அடைப்பால் வருகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய குழாய் அடைத்துக் கொண்டால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்து விடுகிறார்கள். இந்த முறை நல்ல பலன் தரும் என்பதை நெதர்லாந்து முதலிய நாடுகளின் ஆராய்ச்சிகள் 2015-ல் நிலைநாட்டின.

ஆனால், அடைப்பு நீங்குவதோடு வேலை முடிந்து விடாது. இறந்து போன செல்கள் பிழைத்து வரமாட்டா. அவை செய்த வேலையை மிச்சமுள்ள பகுதிகள் ஏற்றுக் கொள்ள வேண்டும்.

ஊரும் தெருக்களும்

பல தெருக்கள் உள்ள ஊரில் ஒரு தெருவில் மரம் விழுந்தால் என்ன ஆகும்? வண்டிகள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகும். ஏற்கெனவே பாதித் தெருக்கள் பழுதாகிக் கிடந்தால்? போக்குவரத்தே நின்று விடும்.

மூளையும் அப்படித்தான். கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தமும் நீரிழிவும் மூளையின் நுண்ணிய குழாய்களைக் கெடுக்கின்றன. மறதி நோய் மூளையை மெல்ல மெல்ல அரிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மறுபடி நடக்கப் பழகுவதும் ஒரு படிப்பு. நேற்றுச் சொல்லிக் கொடுத்த பயிற்சி இன்று நினைவில் இருந்தால்தான் அடுத்த பாடத்துக்குப் போக முடியும்.

2009-ல் ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். முதன்முதலாகப் பக்கவாதம் வந்தவர்களில், சுமார் 10 பேரில் ஒருவருக்கு அதற்கு முன்பே மறதி நோய் இருந்தது!

வீட்டாரே சாட்சி

நோயாளிக்கு வாய் குழறும். டாக்டர் யாரைக் கேட்பார்? உங்களைத்தான்!

இதற்கென்றே 1989-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது எப்படி என்று அது கேட்கிறது. சமீபத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? வைத்த பொருளை வைத்த இடத்தில் தேடுகிறாரா? கடையில் காசு எண்ணிக் கொடுக்கிறாரா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "ஒரு வருஷமாகவே அப்பாவுக்கு மறதி" என்று சொல்லி விடுங்கள். அதைக் கொண்டு டாக்டர் மருந்தையும் பயிற்சியையும் பொருத்தமாக அமைப்பார். எவ்வளவு தேறுவார் என்று உங்களுக்கும் முன்கூட்டியே சொல்வார்.

ஒரு எச்சரிக்கை! முன்பே மறதி இருந்தவருக்குச் சிகிச்சை வீண் என்று எண்ணி விடாதீர்கள். அவருக்கும் பலன் கிடைக்கலாம். வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால், யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரே பயிற்சி கொடுங்கள். தினமும் அதே நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மறந்தால் கோபிக்காமல் மறுபடி சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் நோய் வராதவர்கள்? அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,000-க்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தவர்களிடம் லேசான நினைவுக் குறைவு குறைந்தே காணப்பட்டது. 2019-ல் வந்த முடிவு இது.

நெருக்கடி வரும்போது கைகொடுப்பது சேமிப்புப் பணம். மூளைக்கும் சேமிப்பு உண்டு. ரத்த அழுத்தத்தை அடக்கி, புகையிலையை விட்டு, தினமும் நடந்து, அந்தச் சேமிப்பை இன்றே காப்பாற்றி வையுங்கள்.